மாராப் புல்வெளியும் மாறாத வாக்கும்

நிலத்தின் வரலாற்றைக் கூறும் பாடநூல்கள் எல்லைகளையும் போர்களையும் ஆட்சியாளர்களின் பெயர்களையும் வரிசையாகத் தருகின்றன. அந்நிலத்தின்மீது யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தனர், அவ்வாக்கு எத்துணைக் காலம் நிலைத்து நின்றது என்னும் செய்தி பெரும்பாலும் அவற்றுள் இடம்பெறுவதில்லை. ஆயினும், மண்ணுக்குரிய மக்களின் மனத்தில் ஆழப் பதிந்து கிடக்கும் வரலாறு அதுவேயாகும். கிழக்கு ஆப்பிரிக்காவில், கெனியா நாட்டின் தென்மேற்கு மூலையில் விரிந்து கிடக்கும் மாராப் புல்வெளியின் கதை இதற்கு நல்லதொரு சான்று.

2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தபோது, அப்புல்வெளியை நாடி வந்துகொண்டிருந்த சுற்றுப்பயணிகளின் வரவு சில நாள்களுக்குள் நின்றுபோயிற்று. பயணிகளின் பணம் நின்றதும், வனவிலங்குகள் உலவுவதற்காகத் தம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்த மாசாய் மக்களுக்குச் சேர வேண்டிய தொகையும் தள்ளாடியது. அவ்வேளையில் அரசும் அறநிறுவனங்களும் அவசர நிதி திரட்டித் தந்தன. அது விலங்குகளைக் காக்கத் தந்த பணம் என்றே வெளியிலிருந்து பார்ப்பவர் கருதுவர். உண்மையில் அந்நிதி காத்தது எதனை? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், 2020ஆம் ஆண்டை மட்டும் நோக்கினால் போதாது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

இருமுறை முறிந்த உடன்படிக்கை

மாசாய் மக்கள் ஆநிரை மேய்த்து வாழ்பவர்கள். மழை பெய்யும் திசை நோக்கி மாடுகளை ஓட்டிச் செல்வதும், கோடையில் நீருள்ள இடங்களுக்குத் திரும்புவதும் அவர்தம் வாழ்க்கை முறை. மேய்ச்சல் நிலம் எவர் ஒருவருக்கும் தனியுடைமை அன்று. அது குலத்தார் அனைவருக்கும் பொதுவாய் இருந்தது. வரிக்குதிரையும் மானும் அவர்களின் மாடுகளோடு ஒரே வெளியில் மேய்ந்தன.

1890களில் அம்மக்கள்மீது பேரிடர் அடுத்தடுத்து வந்து வீழ்ந்தது. மாடுகளுக்கு வரும் கொள்ளைநோய் மந்தைகளை அழித்தது. பெரியம்மை மக்களை வாரிச் சென்றது. பஞ்சமும் உடன் சேர்ந்தது. அக்காலத்தை மாசாய் மக்கள் 'எமுதாய்' என்று வழங்குவர். முற்றாய் அழிதல் என்பது அதன் பொருள். அவர்கள் இவ்வாறு நலிந்திருந்த வேளையில்தான் ஆங்கிலேயர் உகாண்டா இருப்புப்பாதையை அமைத்து, அதன் இருமருங்கிலும் வெள்ளையர்களைக் குடியேற்றத் திட்டமிட்டனர்.

1904ஆம் ஆண்டில் ஆங்கில ஆணையர் டொனால்டு ஸ்டூவர்ட்டும் மாசாய்களின் சமயத் தலைவராகிய ஒலோனனா முதலானோரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி மாசாய் மக்கள் செழிப்பான பிளவுப் பள்ளத்தாக்கை விட்டு நீங்கி, வடக்கே லைக்கிப்பியாவிலும் தெற்கிலும் ஒதுக்கப்பட்ட இரு நிலப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டும். அவ்விரு நிலங்களும் மாசாய் இனம் உள்ளவரை அவர்களுக்கே உரியவை என்று உறுதி கூறப்பட்டது.

அவ்வுறுதி ஏழாண்டுகளே நின்றது. லைக்கிப்பியாவின் குளிர்ந்த புல்வெளியும் குடியேறிகளின் கண்ணில் பட்டது. ஆளுநர் பெர்சி ஜிரூவார்டின் ஆட்சிக்காலத்தில், 1911ஆம் ஆண்டில், இரண்டாம் உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. வடபுலத்து மாசாய்கள் தம் மந்தைகளோடு தெற்கு நோக்கிப் பெயர்க்கப்பட்டனர். லெகலிஷு என்னும் தலைவர் அதனை எதிர்த்தார். மாசாய் மக்கள் வழக்குரைஞரை அமர்த்தி நீதிமன்றத்தையும் நாடினர். 1913ஆம் ஆண்டில் அவ்வழக்குத் தள்ளுபடி செய்யப்பட்டது. அதற்குக் கூறப்பட்ட காரணம் நாம் நினைந்து பார்க்கத் தக்கது. மாசாய்களுடன் செய்துகொண்ட உடன்படிக்கை இரு நாடுகளுக்கு இடையே ஆன ஒப்பந்தத்தைப் போன்றது. ஆதலின் அதனை உள்நாட்டு நீதிமன்றம் விசாரித்தல் இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். நிலத்தைக் கொள்ளும்போது குடிமக்களைப்போல் நடத்தப்பட்டவர்கள், நீதி கேட்கும்போது அயல்நாட்டவர் ஆயினர்.

கொடுத்த வாக்கு எழுத்தில் இருந்தும் காக்கப்படவில்லை என்னும் இந்நினைவு தலைமுறை தலைமுறையாக அம்மக்களிடையே பேசப்பட்டு வருகிறது. பின்னாளில் மாராவில் நடந்தவற்றை இந்நினைவோடு சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

காப்பிடம் தோன்றிய வகை

தெற்கே தள்ளப்பட்ட மாசாய்களின் நிலத்திலேயே மாரா ஆறு ஓடுகிறது. தான்சானியாவின் செரெங்கெட்டி வெளியிலிருந்து பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட 'நூ' மான்கள் ஆண்டுதோறும் வடக்கு நோக்கிப் புறப்பட்டு, ஏறத்தாழ ஜூலை முதல் அக்டோபர் வரை அங்கு வந்து மேய்ந்து திரும்பும். மாட்டின் முகமும் மானின் காலும் கொண்டதுபோல் தோன்றும் அவ்விலங்குகள் ஆற்றைக் கடக்கும் காட்சியைக் காணவே உலகெங்கிலும் இருந்து மக்கள் வருகின்றனர்.

1948ஆம் ஆண்டில் 520 சதுர கிலோமீட்டர் பரப்புடைய விலங்குப் புகலிடமாக மாரா அறிவிக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டில் அதன் எல்லை கிழக்கே 1,821 சதுர கிலோமீட்டர்வரை விரிக்கப்பட்டு, நரோக் மாவட்ட மன்றத்தின் பொறுப்பில் விடப்பட்டது. 1974ஆம் ஆண்டில் அது தேசியக் காப்பிடம் என்னும் தகுதியைப் பெற்றது. பின்னர்ச் சில பகுதிகள் மக்களுக்குத் திருப்பித் தரப்பட்டமையால் இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 1,510 சதுர கிலோமீட்டர் ஆகும்.

1977ஆம் ஆண்டில் கெனிய அரசு விளையாட்டு வேட்டையைத் தடை செய்தது. அதுமுதல் விலங்குகளால் வரும் வருவாய் என்பது, அவற்றைக் காண வருவோரின் பணப்பையை மட்டுமே நம்பியதாயிற்று. நுழைவுக் கட்டணம் மன்றத்திற்குச் சென்றது. விடுதிக் கட்டணம் முதலாளிகளுக்குச் சென்றது. ஆனால் விலங்குகளோ காப்பிடத்தின் எல்லைக்கல்லை அறிந்தவை அல்ல. கெனியாவின் வனவிலங்குகளில் ஏறத்தாழ 65 விழுக்காடு காப்பிடங்களுக்கு வெளியே, மக்களின் நிலங்களில்தான் வாழ்கின்றன எனக் கணக்கிடப்பட்டுள்ளது. மாட்டைச் சிங்கம் கொன்றாலும், குடிநீர்க் குழாயை யானை உடைத்தாலும் இழப்பு மாசாய் வீட்டிற்கு, வருவாயோ வேறிடத்திற்கு. இந்த ஏற்றத்தாழ்வு நெடுங்காலம் நீடிக்க இயலாது என்பது வெளிப்படை.

பொதுநிலம் பங்காகப் பிரிந்தது

விடுதலைக்குப் பின், 1968ஆம் ஆண்டில் கெனியா ஒரு நிலச் சட்டத்தை இயற்றியது. அதன்படி மாசாய் நிலங்கள் குழு மேய்ச்சற்பண்ணைகளாகப் பதிவு செய்யப்பெற்றன. நிலம் குழுவுக்குச் சொந்தம். குழுவில் பெயர் பதிந்தவர் பங்காளர். ஆயின், 1990களிலும் அடுத்த பத்தாண்டிலும் அக்குழுப் பண்ணைகள் ஒவ்வொன்றாய்த் தனிப் பங்குகளாகப் பிரிக்கப்பட்டன. மாராவை அடுத்த கொய்யாக்கிப் பண்ணை முதலான இடங்களில் குடும்பத் தலைவர் ஒருவருக்கு ஏறத்தாழ 150 ஏக்கர் என்னும் அளவில் உரிமைப் பத்திரம் கிடைத்தது.

பத்திரம் கையில் வந்ததும் ஒவ்வொருவரும் தம் பங்கைத் தம் விருப்பப்படி பயன்படுத்தலாயினர். சிலர் விற்றனர், சிலர் உழவுக்கு விட்டனர், சிலர் கம்பிவேலி இட்டனர். புல்வெளிக்கு வேலி என்பது மூச்சுக்குழலில் விழும் முடிச்சைப் போன்றது. மாராவிற்கு வடகிழக்கே உள்ள லோயித்தா வெளியில் வாழ்ந்து வந்த நூ மான்கள் 1970களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 1,19,000 ஆக இருந்தன. எந்திரக் கலப்பையால் கோதுமை பயிரிடும் பெரும்பண்ணைகள் அவற்றின் கன்று ஈனும் நிலத்தைப் பிடித்துக்கொண்டமையால், இருபது ஆண்டுகளுக்குள் அவை ஏறத்தாழ 22,000 ஆகக் குறைந்தன. ஒட்டகச்சிவிங்கி, காட்டுப்பன்றி, சிறுமான் வகைகள் ஆகியனவும் பெருமளவு சுருங்கின. இவ்வீழ்ச்சிக்கு வேட்டைத் துப்பாக்கி மட்டும் காரணம் அன்று. கலப்பையும் கம்பியும் காரணமாயின.

புதிய வாக்கு: காப்புநிலங்கள்

இந்நிலையில் ஒரு புதிய ஏற்பாடு தோன்றியது. தனித்தனிப் பங்குடைய மாசாய்கள் பலர் ஒன்றுகூடித் தம் நிலங்களை ஒரே பரப்பாகச் சேர்ப்பர். சுற்றுப்பயண விடுதி நடத்துவோர் அப்பரப்பைக் குத்தகைக்கு எடுப்பர். நிலத்துக்குரியவர் அங்கு வேலி இடார், உழார், வீடு கட்டார், மேய்ச்சலையும் வகுத்த முறைப்படியே நடத்துவர். அதற்கு ஈடாக, ஏக்கர் கணக்கில் வகுத்த ஒரு தொகை மாதந்தோறும் நிலத்துக்குரியவரின் வங்கிக் கணக்கில் நேராய்ச் சேரும். இவ்வாறு அமைந்தவற்றை, அரசின் காப்பிடத்திலிருந்து வேறுபடுத்தும் பொருட்டு, இக்கட்டுரையில் காப்புநிலம் என்போம்.

2005ஆம் ஆண்டில் ஒல்கின்யேய் என்னும் காப்புநிலமும், 2006இல் ஒலாரே ஒரோக்கும், 2009இல் வடமாராவும், 2010இல் நபோய்ஷோவும் தோன்றின. நபோய்ஷோ என்னும் மாசாய்ச் சொல்லுக்கு ஒன்றுகூடுதல் என்று பொருள். பிரிந்த நிலம் மீண்டும் கூடியமைக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறில்லை. 2013ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் காப்புநிலங்களுக்குச் சட்ட ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டில் மாராக் காப்புநிலங்கள் தமக்கென ஒரு சங்கமும் கண்டன. பெருந்தொற்றுக்கு முன் அக்காப்புநிலங்கள் எண்ணிக்கையில் பதினைந்தளவு இருந்தன. அவற்றின் மொத்தப் பரப்பு மாராத் தேசியக் காப்பிடத்தின் பரப்போடு ஏறத்தாழ ஒத்திருந்தது. நிலத்துக்குரியோர் 14,000 பேருக்கு மேற்பட்டோர்.

இவ்வேற்பாட்டின் உயிர்நிலை எதில் உள்ளது? பயணிகள் மிகுதியாய் வந்தாலும் குறைவாய் வந்தாலும் குத்தகை மாறாது என்னும் உறுதியில் உள்ளது. முன்னைய நாளில் 'வருவாயில் பங்கு' என்று கூறி ஆண்டு முடிவில் ஏதோ ஒரு தொகையைத் தந்தனர். கணக்கை எவரும் காட்டவில்லை என்னும் மனக்குறை மக்களிடம் இருந்தது. மாதக் குத்தகை அந்த ஐயத்தை நீக்கிற்று. 2007ஆம் ஆண்டு இறுதியில் நடந்த தேர்தலைத் தொடர்ந்து கெனியாவில் கலவரம் மூண்டு, 2008இல் பயணிகள் வராதிருந்த காலத்திலும் குத்தகை கொடுக்கப்பட்டமை இம்முறையின்மீது நம்பிக்கையை வளர்த்தது. பள்ளிக் கட்டணத்திற்கும் மருந்துக்கும் கடன் அடைப்பதற்கும் அத்தொகையை நம்பலாம் என்று குடும்பங்கள் துணிந்தன.

1904இலும் 1911இலும் வாக்கு முறியக் கண்ட மக்கள், மூன்றாம் முறையாக ஒரு வாக்கை நம்பினர் என்றே இதனைக் கொள்ளுதல் வேண்டும்.

வரவு நின்ற ஆண்டு

2020ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள் கெனியாவில் முதல் கொரோனாத் தொற்று அறிவிக்கப்பட்டது. மார்ச்சு 25ஆம் நாள் நள்ளிரவு முதல் அயல்நாட்டுப் பயணிகள் விமானப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ஆகஸ்டு முதல் நாளில்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது. 2019இல் கெனியாவிற்கு வந்த அயல்நாட்டுப் பயணிகள் 20 லட்சத்திற்கு மேற்பட்டோர். 2020இல் வந்தோர் 6 லட்சத்தையும் எட்டவில்லை. அவர்களுள்ளும் பெரும்பகுதியினர் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் வந்தவர்கள். ஆண்டின் உயர்ந்த வருவாய்க் காலமாகிய ஜூலை முதல் அக்டோபர் வரையான பருவத்தில் நூ மான்கள் வழக்கம்போல் ஆற்றைக் கடந்தன. கரையில் நின்று காண்பார்தாம் அரியராயினர்.

விடுதிகள் மூடப்பட்டன. சமையற்காரர், வண்டியோட்டி, வழிகாட்டி, துணி வெளுப்பவர் எனப் பலரும் வீடு திரும்பினர். மணிமாலை கோத்து விற்கும் பெண்களுக்கு வாங்குவோர் இல்லை. நோய்த் தடுப்பின் பொருட்டு மாட்டுச் சந்தைகளும் பல இடங்களில் மூடப்பட்டமையால், இடர் வந்தால் மாட்டை விற்றுக்கொள்ளலாம் என்னும் பழைய வழியும் அடைபட்டது. விடுதிகளுக்கு வரவு இல்லாமையால், மாறாது என்று சொல்லப்பட்ட குத்தகையும் மாறலாயிற்று. சில காப்புநிலங்களில் நிலத்துக்குரியோருடன் பேசி அத்தொகை பாதியளவாகக் குறைக்கப்பட்டது.

இங்கு ஆசிரியர்கள் மாணவர்க்குத் தெளிவுபடுத்த வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. பயணிகள் வாராமையால் விலங்குகளுக்கு நேரே தீங்கு ஒன்றும் இல்லை. வண்டிகளின் இரைச்சல் குறைந்தது நன்மை என்றும் கூறலாம். தீங்கு வேறு வழியாக வருவது. குத்தகை நின்றால் நிலத்துக்குரியவர் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். ஒருவர் விலகி வேலியிட்டால் அடுத்தவரும் விலகுவார். ஒருமுறை வெட்டிப் பிரித்த நிலத்தை மீண்டும் சேர்ப்பதற்குப் பத்தாண்டுகள் பிடித்தன. அது மீண்டும் கலைவதற்குச் சில மாதங்களே போதும். காவலருக்கு ஊதியம் இல்லாவிட்டால், பசித்த வேளையில் மானைக் கண்ணி வைத்துப் பிடிப்போரைத் தடுக்க ஆள் இல்லை. இவ்விரண்டு வாயில்களையும் அடைப்பதே அவசர நிதியின் வேலையாயிற்று.

அவசர நிதி வந்த வழிகள்

முதலாவது வழி அரசின் வழி. 2020 மே 23ஆம் நாள் குடியரசுத் தலைவர் உகுரு கென்யாட்டா 5,370 கோடி ஷில்லிங் மதிப்புடைய பொருளாதார மீட்புத் திட்டத்தை அறிவித்தார். அதனுள் 100 கோடி ஷில்லிங் வனவிலங்குத் துறையின்கீழ் 5,500 சமூகக் காவலர்களைப் பணியில் அமர்த்துவதற்கும், மற்றொரு 100 கோடி 160 சமூகக் காப்புநிலங்களுக்கு உதவுவதற்கும் ஒதுக்கப்பட்டன. மக்களின் நிலத்தில் நடக்கும் விலங்குப் பாதுகாப்பும் அரசின் கடமையே என்பதை அவ்வறிவிப்பு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது எனலாம்.

இரண்டாவது வழி கடன். கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் என்னும் அமைப்பு, மாராக் காப்புநிலங்களின் சங்கத்தோடு இணைந்து, குத்தகையைத் தொடர்ந்து கொடுப்பதற்கென எளிய நிபந்தனையில் கடன் வழங்கும் நிதியம் ஒன்றை ஏற்படுத்தியது. பயணிகள் திரும்பி வந்தபின் அவர்களிடம் பெறும் கட்டணத்திலிருந்து அக்கடனை அடைத்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. இஃது இலவச உதவி அன்று. வருங்கால வருவாயை முன்கூட்டி வாங்கி இன்றைய வாக்கைக் காப்பாற்றிய செயல்.

மூன்றாவது வழி நன்கொடை. ஓராண்டுக்கு ஓர் ஏக்கரின் குத்தகையை ஏற்றுக்கொள்ளுமாறு விடுதி நடத்துவோர் சிலர் தம் பழைய விருந்தினரை வேண்டினர். ஆப்பிரிக்கா முழுவதிலும் உள்ள காவலர்களின் ஊதியத்திற்கு நிதி திரட்டும் பொருட்டு, 2020 அக்டோபர் 3ஆம் நாள் பல நாடுகளில் ஓர் ஓட்டப்போட்டி நடந்தது. 22 கிலோ எடையுள்ள சுமையை முதுகில் ஏந்திக் காவலர்கள் 21 கிலோமீட்டர் ஓடினர். நாள்தோறும் தாம் சுமந்து நடக்கும் சுமையையே உலகின் கண்முன் சுமந்து காட்டினர் எனலாம்.

மாராவின் நிலையை நன்கு உணர்ந்துகொள்ள, ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் உள்ள நமீபியாவோடு அதனை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அந்நாட்டில் 1980களில் கார்த் ஓவன்-சுமித் என்பார், ஊர்த் தலைவர்களோடு சேர்ந்து உள்ளூர் மக்களையே விலங்குக் காவலராக அமர்த்தும் முறையைத் தொடங்கினார். 1996ஆம் ஆண்டுச் சட்டம் பொதுநிலத்து மக்களுக்கு விலங்குகளின் பயனைத் துய்க்கும் உரிமையைத் தந்தது. 1998இல் முதற் காப்புநிலங்கள் பதிவாயின. 2020இல் அவை 86 ஆகி, நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டிருந்தன. அவ்வாண்டு ஏப்ரலில் ஓவன்-சுமித் மறைந்தார். அதே வேளையில் அவர் தொடங்கிவைத்த காவல் முறைக்கும் ஊதியம் இல்லாமற் போகும் நிலை நேர்ந்தது. அரசும் உள்நாட்டு நிதியங்களும் தொண்டு அமைப்புகளும் தனித்தனியே நில்லாமல் ஒரே பொதுநிதியைத் தோற்றுவித்துக் காவலருக்கு ஊதியம் கிடைக்கச் செய்தன.

நமீபியாவில் காப்புநிலத்தின் மண் அரசுக்குரிய பொதுநிலம். அது துண்டாகி விலைபோகும் அச்சம் அங்கு இல்லை. எனவே காவலரின் ஊதியமே முதற்கவலை ஆயிற்று. மாராவிலோ மண் தனியாருக்குரியது. எனவே குத்தகையே முதற்கவலை. அவசர நிதி என்பது ஒரே பெயராயினும், எந்த இடத்தில் காயம் பட்டதோ அந்த இடத்தில் இடும் மருந்தாக இருந்தால்தான் பயன் தரும் என்பது இவ்வொப்பீட்டால் விளங்கும்.

நிறையும் குறையும்

அவசர நிதியால் விளைந்த பயன் பெரிது. மாராவின் பெரும்பாலான காப்புநிலங்கள் கலையாமல் நின்றன. குத்தகை குறைந்தபோதும் நிலத்துக்குரியோர் பலர் பொறுமை காத்தனர். இதில் பணம் தந்தோரின் பெருமையை மட்டும் பேசி அமைதல் நேர்மையாகாது. பாதித் தொகையை ஏற்றுக்கொண்டு நிலத்தைத் திறந்தபடியே வைத்திருந்த மாசாய்க் குடும்பங்களும் அந்நிதிக்குத் தம் பங்கை அளித்தவர்களே ஆவர். அவர்கள் தந்தது பட்டியலில் எழுதப்படாத நன்கொடை. 2024ஆம் ஆண்டில் கெனியாவிற்கு வந்த பயணிகள் மீண்டும் 20 லட்சத்தைத் தாண்டினர். திரும்பி வந்தோர் காண்பதற்குப் புல்வெளி திறந்து கிடந்ததாயின், அதற்கு இப்பொறுமையும் ஒரு காரணம்.

குறைகளையும் கூறுதல் வேண்டும். குத்தகை என்பது உரிமைப் பத்திரம் உள்ளவர்க்கே உரியது. நிலம் பங்கிடப்பட்டபோது பெரும்பாலும் ஆண்களின் பெயரே பதிவாயிற்று. கைம்பெண்களும் இளைஞரும் பத்திரம் பெறாதோரும் குத்தகையின் வெளியே நின்றனர். குத்தகையைக் காத்த அவசர நிதியும் அவர்களை நேரே சென்றடையவில்லை. கடனாக வந்த பணம் நல்ல காலத்தின் வருவாயிலிருந்து திருப்பித் தரப்பட வேண்டியது. இடையில் மற்றோர் இடர் வந்தால் கடன்மேல் கடன் ஏறும். நன்கொடையும் நிலையான தூண் அன்று. கெனியாவின் காப்புநிலங்களுக்கு நெடுநாள் துணைநின்ற அமெரிக்க அரசின் அயலுதவி, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திடீரென நிறுத்தப்பட்டது. பயணிகள் வந்துகொண்டிருந்தபோதே மற்றொரு கால் ஒடிந்த கதை இது.

நம் நாட்டு நிலை இதனின்று வேறுபட்டது. 1930களின் இறுதியில் பகாங், திரெங்கானு, கிளந்தான் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லையில் அமைக்கப்பெற்ற தாமான் நெகாரா 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2020 மார்ச்சு 18 முதல் 2022 ஏப்ரல் முதல் நாள் வரை மலேசியாவின் எல்லைகள் அயல்நாட்டுப் பயணிகளுக்கு மூடிக் கிடந்தன. படகோட்டிகளும் விடுதிக்காரர்களும் இடருற்றனர். ஆயினும் காட்டைக் காக்கும் துறை அரசுத் துறையாதலின், காவலரின் ஊதியம் பயணியின் நுழைவுச் சீட்டை நம்பியிருக்கவில்லை. அரசு நேரே காக்கும் முறையில் உறுதி மிகுதி. ஆனால் காட்டோரத்து மக்கள் அதன் பயனில் பங்காளர் ஆவது அரிது. மாராவின் முறையில் மக்கள் பங்காளர். ஆனால் அவர்தம் பங்கு விமானங்களின் வரவோடு கட்டுண்டு கிடக்கிறது. இரண்டிலும் உள்ள நன்மையை ஒன்றாய்க் கோக்கும் வழியையே இனிவரும் தலைமுறை காண வேண்டும்.

விதைநெல்லும் கன்றுப் புல்லும்

மாசாய் மக்களிடையே 'ஒலோப்போலோலி' என்னும் வழக்கம் ஒன்று உண்டு. குடியிருப்பின் அருகில் ஒரு சிறு புற்பரப்பை மழைக்காலத்தில் மேயாமல் விட்டுவைப்பர். கோடை வந்து எங்கும் புல் காய்ந்தபின், நெடுந்தொலைவு நடக்க இயலாத கன்றுகளும் நலிந்த மாடுகளும் அங்கு மேயும். நம் உழவர் வீடுகளில் விதைநெல்லைத் தனியே கட்டி வைத்த வழக்கமும் இதனோடு ஒப்பிடத் தக்கது. பசி வந்தாலும் அந்நெல்லில் கை வைப்பதில்லை என்பது வீட்டுக்கு வீடு இருந்த நெறி.

2020ஆம் ஆண்டின் அவசர நிதி கற்பிக்கும் பாடம் இதுவே. இடர் வந்தபின் திரட்டும் நிதி காலத்தாற் செய்த உதவிதான். அதனை நாம் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் அஃது ஒவ்வொரு முறையும் பிறர் இரக்கத்தை எதிர்நோக்கி நிற்பது. 2008இல் ஓர் இடர், 2020இல் மற்றோர் இடர், 2025இல் வேறோர் இடர் என்று வந்துகொண்டிருக்க, ஒவ்வோர் இடரையும் எதிர்பாராதது என்று சொல்லிக்கொண்டிருத்தல் தகாது. பயணி ஒருவர் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் தரும் கட்டணத்தில் ஒரு சிறு பகுதி நல்ல ஆண்டுகளிலேயே ஒதுக்கப்படுமாயின், குத்தகைக்கும் காவலுக்கும் அது விதைநெல்லாய் நிற்கும். மேய்ச்சலில் இவ்வறிவை முன்பே கண்டவர்கள் மாசாய் மக்கள். பணத்திலும் அதனைக் கடைப்பிடிக்கும் பொறுப்பு, அவர்தம் நிலத்தால் பயன்பெறும் விடுதி முதலாளிகளுக்கும் அரசுக்கும் உரியது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை கூறலாம். அந்நிதி காத்தது சிங்கத்தையும் யானையையும் மட்டும் அன்று. இருமுறை முறிந்த வாக்கு மூன்றாம் முறையும் முறியாதவாறு அது தாங்கிப் பிடித்தது. நூறாண்டுக்கு முன் அம்மக்களுக்கு நீதிமன்றம் தராத ஒன்றை, மாதந்தோறும் வங்கிக் கணக்கில் சேர்ந்த ஒரு சிறு தொகை தரத் தொடங்கியிருந்தது. வாக்கு நிற்கும் என்னும் நம்பிக்கையே அது. அந்நம்பிக்கை உள்ளவரையில் வேலிகள் எழா. வேலிகள் எழாதவரையில் விலங்குகளுக்கு வழி உண்டு.

ஆசிரியப் பெருமக்கள் வனவிலங்குப் பாதுகாப்பைப் பற்றி வகுப்பில் பேசும்போது விலங்குகளின் படங்களைக் காட்டுவதோடு நில்லாமல், அந்நிலத்து மக்களின் பெயரையும், அவர்களுக்குக் கொடுத்த வாக்கையும், அவ்வாக்குக்குப் பின்னால் இருக்கும் கணக்கையும் மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும். காட்டைக் காப்பவர் யார், அவருக்கு ஊதியம் தருபவர் யார், அப்பணம் ஒருநாள் நின்றால் என்னாகும் என்னும் மூன்று வினாக்களைக் கேட்கப் பழகிய மாணவன், எந்நாட்டு வரலாற்றையும் தெளிவாகக் கற்றுக்கொள்வான்.